‘வீடியோ மாதிரியே இருக்கே’: டிஜிட்டல் காட்சி ஃபிலிமாகத் தெரியாததற்கு அறிகுறிவாரியாகத் தீர்வுகள்

குறும்படத்தை எடுத்து முடித்தாயிற்று. டைம்லைனில் போட்டு, காசு கொடுத்து வாங்கிய லட் (படத்தின் நிறங்களை மாற்றித் தரும் ஆயத்தக் கோப்பு) ஒன்றை ஏற்றி, மேலே கிரெயினும் (ஃபிலிமில் தெரியும் பொடி மணிகள்) சேர்த்தாயிற்று. ஆனாலும் போட்டுப் பார்த்தால் ‘என்னவோ வீடியோ மாதிரியே இருக்கே’ என்று உறுத்துகிறது. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் லட்டில் இல்லை. ஃபிலிம் தோற்றம் கடைசியில் மேலே பூசுகிற பூச்சு அல்ல. வீடியோவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில இருக்கின்றன. வழுக்கும் அசைவு, வெந்துபோன வெள்ளை, கீறினாற்போன்ற விளிம்பு, தட்டையான வெளிச்சம், உயிரில்லாத தோல் நிறம். அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தாலே முக்கால் வேலை முடிந்துவிடும். ஹாலிவுட் ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த ஷாட்டுகளையும் டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஷாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். எது எதுவென்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. கேமராவில் பதிந்ததைத் திரைக்குக் கொண்டுவரும் வழியில் என்ன செய்கிறோம் என்பதில்தான் தோற்றம் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

கீழே உள்ளதெல்லாம் சாதாரண மிரர்லெஸ் கேமராவில் எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், நிறத் திருத்த மென்பொருளில் முடிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடும் நம் ஊர்க் கணக்குதான் எண்களில் இருக்கும்.

கோளாறு எந்தப் பக்கம்?

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு ஷாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் அதையே நிறுத்திப் பாருங்கள். நின்ற பிரேம் நன்றாக இருந்து, ஓடும்போது மட்டும் வீடியோவாகத் தெரிந்தால் கோளாறு அசைவில் இருக்கிறது. அது பிரேம் ரேட்டாகவோ, ஷட்டராகவோ, கேமரா ஆட்டமாகவோ இருக்கலாம். நின்ற பிரேமே வீடியோவாகத் தெரிகிறதா? சாச்சுரேஷனைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். கருப்பு வெள்ளையில் படம் சட்டென்று அழகாகிவிட்டால் குற்றம் நிறத்தில். கருப்பு வெள்ளையிலும் அதே கதை என்றால் வெளிச்சம், ஹைலைட், விளிம்பு இந்த மூன்றில் ஒன்று. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் நேராகக் கலர் வீலைப் பிடித்து மணிக்கணக்கில் உருட்டுபவர்கள்தான் அதிகம்.

அறிகுறி: அசைவு சீரியல் மாதிரி வழுக்குகிறது

பேசும் படம் வந்த 1920களின் கடைசியிலிருந்து சினிமா நொடிக்கு 24 பிரேமில் நின்றுவிட்டது. அந்த அசைவுக்கு நம் கண் பழகிவிட்டது. 50 அல்லது 60 பிரேமில் எடுத்தால் அசைவு மிக நெருக்கமாகத் தொடர்ந்து வந்து, நேரலை போலத் தெரியும். 2012இல் ஹாலிவுட்டின் பெரிய படம் ஒன்று 48 பிரேமில் வெளிவந்தபோது, அத்தனை கோடி செலவழித்த காட்சிகளையே பலர் டிவி நாடகம் போல இருப்பதாகச் சொன்னார்கள். பிரேம் ரேட் தப்பானால் மற்ற எதுவும் காப்பாற்றாது.

கேமராவில் 24 அல்லது 25 வையுங்கள். பல கேமராக்களில், குறிப்பாகச் சோனியில், ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் இருக்கும்போது 25, 50 மட்டும்தான் காட்டும். என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால்தான் 24 வரும். 24 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அது 23.976. இணையத்துக்கும் டிவிக்கும் மட்டும் போகிற படம் என்றால் நான் 25ஐத்தான் சொல்வேன். 1/50 ஷட்டர் அதற்குச் சரியாக 180 டிகிரி, அதாவது ஒரு பிரேம் நேரத்தில் பாதி, ஆகிறது, நம் ஊர் விளக்குகளோடும் சண்டை வராது.

ஏற்கெனவே 50 பிரேமில் எடுத்துவிட்டீர்கள் என்றால் ஷட்டர் என்ன இருந்தது என்று பாருங்கள். 1/50 என்றால் அதிர்ஷ்டம். 25 டைம்லைனில் போட்டு ஒன்று விட்டு ஒன்று பிரேமை எடுத்துவிட்டால், நேரடியாக 25இல் எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. 1/100 என்றால் அசைவு கொஞ்சம் வெட்டும். ரிசால்வின் கட்டணப் பதிப்பில் உள்ள மோஷன் பிளரைக் கொஞ்சமாகச் சேர்த்துச் சமாளிக்கலாம். மொபைலில் 30இல் எடுத்ததை 24 ஆக்குவதுதான் தலைவலி. ஐந்து பிரேமுக்கு ஒன்றைத் தூக்க வேண்டியிருப்பதால் தடுக்கித் தடுக்கிப் போகும். அந்தப் படத்தை 30இலேயே முடித்துவிடுவது மேல்.

அறிகுறி: வெயிலில் எடுத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரிகிறது

உள்ளே எடுத்த காட்சி அழகாக இருக்கும், வாசலுக்கு வந்தவுடன் கை வீசுவது, சைக்கிள் சக்கரம் எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்க ஷட்டரை 1/1000, 1/2000 என்று ஏற்றிவிட்டதுதான் காரணம். ஃபிலிம் கேமராவில் சுழலும் ஷட்டர் பெரும்பாலும் 180 டிகிரி. 24 பிரேமில் ஒவ்வொரு பிரேமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கும். அந்த நேரத்தில் கை கொஞ்சம் கலங்கிப் பதியும். அந்தக் கலக்கம்தான் அடுத்த பிரேமோடு கண்ணுக்குள் ஒட்டுகிறது.

எனவே ஷட்டரைத் தொடாமல், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட வேண்டும். எவ்வளவு போடுவது? பழைய ‘சன்னி 16’ கணக்கு போதும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். லாக் முறையில் (பிறகு திருத்துவதற்காகப் படத்தை வெளிறப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 800 என்றால் எஃப் 16, 1/800. நமக்கு வேண்டியது 1/50, அதற்கு 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). லென்ஸை எஃப் 2.8க்குத் திறக்க இன்னும் 5 ஸ்டாப். ஆக 9 ஸ்டாப் மறைக்க வேண்டும், அதாவது என்டி 2.7. கடையில் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லாக் எடுக்கக் கிளம்பினால் மதியம் மாட்டிக்கொள்வீர்கள். எஃப் 11க்கு மூடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வேரியபிள் என்டியைக் கடைசி எல்லை வரை திருகினால், முக்கியமாக வைட் லென்ஸில், திரையில் பெருக்கல் குறி போல ஒரு கருநிழல் விழும். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கருப்புச் சட்டை பழுப்பாகத் தெரிந்தால் என்டி வழியாக அகச்சிவப்புக் கதிர் கசிகிறது. அதையும் தடுக்கும் ஐஆர் என்டி வாங்குவதுதான் வழி. பிறகு கிரேடிங்கில், அதாவது நிறத் திருத்தத்தில், அந்தப் பழுப்பை எடுக்கப் போனால் தலைமுடியின் நிறமும் சேர்ந்து போகும்.

அறிகுறி: கேமரா திரும்பும்போது தடக் தடக் என்கிறது

24 பிரேமில் இது இயல்பு. ஃபிலிமிலும் இருந்தது, ஒளிப்பதிவாளர்கள் பேன் வேகத்தை (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் வேகம்) அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள். திரையின் ஒரு ஓரத்தில் இருக்கும் பொருள் மறு ஓரம் போய்ச் சேர 7 நொடியாவது ஆக வேண்டும் என்பது நெடுங்காலப் பழக்கம். நடப்பவரைத் தொடர்ந்து திருப்பினால் வேகமாகவும் திருப்பலாம். கண் அவரைப் பிடித்துக்கொள்ளும், பின்னணி தடுக்குவது தெரியாது.

திருப்பாமல் நிற்கும் ஷாட்டிலும் தடுக்கினால் பிரேம் ரேட் கலப்படம். 25 டைம்லைனில் 24, 30 எல்லாம் கலந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மொபைல் ஷாட் என்றால் அதன் பிரேம் ரேட்டே நிலையாக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வசனமும் உதடும் மெல்ல விலகும்.

கையில் பிடித்து எடுத்த ஷாட் பொடிப்பொடியாக நடுங்குகிறது என்றால் அது எடை சம்பந்தப்பட்டது. பழைய 35 மி.மீ. கேமராவைத் தோளில் வைத்தால் அதன் கனமே பொடி நடுக்கத்தை விழுங்கிவிடும், மெதுவான அசைவு மட்டும் மிஞ்சும். முக்கால் கிலோ கேமராவில் விரல் நடுக்கம்கூடப் பதிகிறது. கேஜ், பேட்டரி, தோள் தாங்கி எதையாவது மாட்டி எடையை ஏற்றுங்கள்.

அறிகுறி: விளக்கு சிமிட்டுகிறது, திரையில் பட்டை ஓடுகிறது

நம் மின்சாரத்தில் குழல் விளக்கும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/50 அல்லது 1/100 ஷட்டர் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழுச் சுற்றுகள் விழுந்து அடங்கிவிடும். 24 பிரேமில் எடுத்தாலும் 1/48 வேண்டாம், 1/50 வையுங்கள். டிகிரியில் கேட்கும் கேமராவில் 172.8. அதற்கும் அடங்காத பல்ப் வேறு ஏதோ அலைவரிசையில் ஓடுகிறது. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவதுதான் தீர்வு.

அறிகுறி: வெள்ளை வேட்டி ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டது

நம் ஊரில் ஃபிலிம் தோற்றம் அதிகம் தோற்பது இங்கேதான். நண்பகல், வேப்பமரத்தடி, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். முகம் நிழலில், வேட்டியின் பாதி வெயிலில். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வேட்டியில் மடிப்பும் இல்லை, கரையும் இல்லை. விளிம்பில் கத்தரித்து ஒட்டிய காகிதம் போல ஒரு திட்டு.

நெகட்டிவில் இது வேறு மாதிரி நடக்கும். வெளிச்சம் ஏற ஏற அடர்த்தி ஏறும் வேகம் மெல்லக் குறையும், வரைபடத்தில் கோடு தோள் போல வளையும். அதைப் பிரிண்ட் ஃபிலிமில் போடும்போது இன்னொரு முறை வளையும். வேட்டி வெளுத்தாலும் மடிப்பின் சாயல் மிஞ்சும். டிஜிட்டல் சென்சாரோ நேர்கோட்டில் ஏறி, நிரம்பியதும் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் தகவலே கிடையாது. அதனால் பழக்கத்தையும் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கிறது. நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து எக்ஸ்போஸ் செய்தார்கள், நாம் வெள்ளையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஜீப்ராவை, அதாவது வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் கோடு காட்டும் கேமரா வசதியை, போடுங்கள். சாதாரண ரெக். 709 (டிவிக்கான வழக்கமான நிற முறை) புரொஃபைலில் 95க்கு (முழு வெள்ளை 100) வையுங்கள். சோனியின் லாக் வகையான எஸ்-லாக் 3இல் எடுத்தால் சென்சார் 94க்குப் பக்கத்திலேயே நிரம்பிவிடும், ஆகவே ஜீப்ராவை 93க்கு இறக்குங்கள். வேட்டியில் ஜீப்ரா கோடு வந்தால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், முகம் இருட்டாகுமே என்று பயப்படாமல். பிறகு முகத்துக்கு வெளிச்சம் கொடுங்கள். தெர்மோகோல் ஒன்றைப் பக்கத்தில் பிடித்தாலே ஒரு ஸ்டாப் வரை கிடைக்கும். வேட்டிப் பக்கம் வெயிலை மறைக்க மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டலாம். பெரியவரை ஓரடி உள்ளே தள்ளி நிற்கச் சொல்வது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

எடுத்து முடித்தது என்றால்? முதலில் படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான வேவ்ஃபார்மைப் பாருங்கள். வேட்டி இருக்கும் இடத்தில் மேலே தட்டையாகக் கோடு போட்டது போல வெட்டப்பட்டிருந்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. கெயினை இறக்கினால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், அது இன்னும் மோசம். செய்யக்கூடியது, அந்த வெட்டை மெத்தென்று ஆக்குவது. கர்வ் பகுதியில் உள்ள சாஃப்ட் கிளிப்பில் ஹை பக்கத்தை ஏற்றி, உச்சி வெள்ளை 100க்குப் பதில் 92, 94இல் தங்கும்படி வையுங்கள். திட்டின் விளிம்பில் மட்டும் லேசான குளோ. வெள்ளைக்குள் ஒரு சிட்டிகை வெதுவெதுப்பான நிறம். அவ்வளவுதான், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

8 பிட்டில் மட்டும் பதியும் கேமராவில் எஸ்-லாக் 3 எடுக்காதீர்கள். 256 படிகளை அவ்வளவு பெரிய வீச்சுக்குப் பங்கு போட்டால் முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எஸ்-லாக் 2 அல்லது சினி 4 அங்கே பத்திரமாக இருக்கும்.

அறிகுறி: மேடை விளக்கு, தீபச் சுடர் எல்லாம் நிறத் திட்டாக நிற்கின்றன

கல்யாண மேடையின் நீல எல்இடி முகத்தில் விழுந்த இடம் ஒரே நீலம், மூக்கும் கன்னமும் பிரியவில்லை. குத்துவிளக்குச் சுடர் வெண்மஞ்சளாக மலராமல், ஓரம் வெட்டிய மஞ்சள் துண்டாக நிற்கிறது. ஒரு நிறச் சேனல் மட்டும் எல்லையைத் தாண்டி, மற்ற இரண்டும் கீழே கிடப்பதால் வருவது இது. ஃபிலிமில் வெளிச்சம் ஏற ஏற நிறம் மெல்ல வெளுத்து வெள்ளையை நோக்கிப் போகும்.

லாக்கிலிருந்து ரெக். 709க்கு மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்பார்மில் கேமட் மேப்பிங்காகச் (எல்லை மீறும் நிறங்களை உள்ளே கொண்டுவரும் முறை) சாச்சுரேஷன் கம்ப்ரஷனைத் தேர்ந்தெடுங்கள். ஏசிஸ் என்ற நிற மேலாண்மை முறையில் வேலை செய்பவர்களுக்கு 1.3 பதிப்பிலிருந்து இதற்கென்றே கேமட் கம்ப்ரஸ் வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நீலம் அடங்கவில்லை என்றால் வெளிச்ச அளவுக்கேற்பச் சாச்சுரேஷனை மாற்றும் கர்வில் (Lum vs Sat) மேல் பகுதியைக் கீழே இறக்கிவிடுங்கள்.

விளக்கைச் சுற்றி வரும் சிவந்த ஒளிவட்டம், அதாவது ஹேலேஷன், பற்றி ஒரு வார்த்தை. வண்ண நெகட்டிவில் சிவப்பை வாங்கும் அடுக்கு எல்லாவற்றுக்கும் கீழே, ஃபிலிமின் அடித்தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பலமான வெளிச்சம் எல்லா அடுக்கையும் துளைத்து, அடியில் பட்டுத் திரும்பும்போது முதலில் அந்தச் சிவப்பு அடுக்கைத்தான் தொடும். அதனால்தான் வட்டம் சிவப்பு. ஆனால் சினிமா நெகட்டிவில் இதைத் தடுக்கவே ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு முதுகில் இருந்தது. இணையத்தில் எல்லோரும் கொண்டாடும் தடித்த சிவப்பு வட்டங்கள், அந்தப் பூச்சை நீக்கி ஸ்டில் கேமராவுக்கு விற்கும் சினிஸ்டில் 800டி போன்ற சுருள்களின் அடையாளம். திரையரங்கில் நாம் பார்த்த படங்களில் அது அவ்வளவு கிடையாது. ஹேலேஷன் போட்டால், போட்டது தெரியாத அளவுக்கு இறக்குங்கள்.

அறிகுறி: எல்லாம் தெளிவு, ஆனாலும் செய்தி சானல் மாதிரி

திரையில் தலைமுடியையும் சட்டைக் காலரையும் 200 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். இருண்ட விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா? கேமரா உள்ளேயே ஷார்ப்பனிங் செய்திருக்கிறது. பதிந்த பிறகு அதை எடுக்க முடியாது. புரொஃபைலில் டீடெய்லை ஆகக் கீழே இறக்குங்கள், சோனியில் அது மைனஸ் 7. மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், 4கேயில் எடுத்து 1080க்குச் சுருக்கும்போது வேண்டிய தெளிவு தானாக வரும். மொபைலில் உள்ள சொந்தச் செயலியில் இதை அணைக்க வழி இருக்காது. பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், ஷட்டரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டி வைக்கலாம், ஆதரவு உள்ள ஃபோன்களில் லாக்கும் எடுக்கலாம்.

நவீன லென்ஸ்கள் மிகக் கூராக இருப்பதும் ஒரு காரணம்தான். 1/8 பிளாக் புரோ-மிஸ்ட் ஃபில்டர் போட்டால் ஹைலைட் கொஞ்சம் பரவி முகம் மென்மையாகும். 1/4க்கு மேல் போனால் எதிரே ஜன்னல் வந்த ஷாட் எல்லாம் பனி மூட்டமாகிவிடும். பட்டுப்புடவை ஜரிகையில் வானவில் நெளிந்தால் அது மொயர். கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், அல்லது ஃபோகஸை ஜரிகையிலிருந்து முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

எல்லா ஷாட்டையும் எஃப் 1.4இல் எடுத்துப் பின்னணியைக் கரைப்பது ஃபிலிம் தோற்றம் அல்ல. 35 மி.மீ. சினிமா பிரேம் ஏறக்குறைய ஏபிஎஸ்-சி சென்சார் அளவுதான், அதிலும் 2.8, 4 என்று மூடித்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் வரும்.

அறிகுறி: லட் போட்டவுடன் முகம் கெட்டுவிடுகிறது

இரண்டு விதமாகக் கெடும். கருப்பெல்லாம் அடைத்துக்கொண்டு முகம் செங்கல் நிறமானால், லாக்குக்கென்று செய்த லட்டை ரெக். 709 காட்சியில் போட்டிருக்கிறீர்கள். படம் வெளிறிச் சோகையாக இருந்தால், லாக் காட்சிக்கு 709க்கான லட். இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று உண்டு. ரிசால்வோடு வரும் கோடாக் 2383 லட்டுகள் எதிர்பார்ப்பது எஸ்-லாக்கையும் அல்ல, ரெக். 709ஐயும் அல்ல, சினியான் லாக்கை. 2383 என்பது திரையரங்குக்கான பிரிண்ட் ஃபிலிம், நெகட்டிவை ஸ்கேன் செய்த சினியான் கோப்பு அதற்குள் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. எனவே முதல் நோடில் (ரிசால்வில் ஒவ்வொரு திருத்தப் படியும் ஒரு நோட்) எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை. அடுத்ததில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்பார்ம்: உள்ளே எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக் 3, வெளியே ரெக். 709, காமா சினியான் ஃபிலிம் லாக். அதற்கடுத்த நோடில் 2383 டி65. மாறுபாடு முரட்டுத்தனமாக வந்தால் லட் நோடின் வலுவைக் குறைக்காதீர்கள், பாதி லாக்கும் பாதி பிரிண்டும் கலந்து சோகை தட்டும். முதல் நோடில் கான்ட்ராஸ்டை இறக்குங்கள்.

சரி, குழாய் எல்லாம் சரியாக இணைத்தாயிற்று. இன்னும் முகம் சரியில்லை. இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இணையத்தில் விற்கும் லட்டுகளில் பெரும்பாலானவை வெளுத்த தோலை வைத்துச் சரிபார்க்கப்பட்டவை. நிழலில் டீல் பச்சையை (நீலம் கலந்த பச்சை) தள்ளுவது அவற்றின் வாடிக்கை. வெளுத்த முகத்தில் நிழல் பகுதி கொஞ்சம்தான், பச்சை பின்னணிக்குப் போய்விடும். நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் முகத்தின் பாதி அந்த நிழல் அளவுக்குள்ளேயே விழும், பச்சை நேராகக் கன்னத்தில் ஏறும். உடனே ‘முகம் டல்லாக இருக்கிறது’ என்று முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெளுப்பாக்குகிறார்கள். கருப்பு நிறத்தை வெளுக்க வைப்பது திருத்தம் அல்ல. அந்தச் சாயம் நிழலில் எந்த அளவுக்குக் கீழே தொடங்க வேண்டும் என்பதை மாற்றுவதுதான் திருத்தம். லாக் வீலில் ஷேடோ எல்லையைக் கீழே இறக்கி, சாயத்தை முகத்துக்கும் கீழே அடக்குங்கள்.

நிறத்தை வட்ட வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோடு ஒன்று உண்டு. கருத்த தோலும் வெளுத்த தோலும் ஏறக்குறைய அதே கோட்டருகில்தான் விழும். மாறுவது அடர்த்தியும் வெளிச்சமும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்து, கோட்டிலிருந்து பச்சைப் பக்கம் சாய்ந்தால் திருப்புங்கள். எக்ஸ்போஷரில் வெளுத்த முகத்துக்குச் சொல்லும் வேவ்ஃபார்ம் அளவான 70ஐ நம் முகத்துக்கு வைக்காதீர்கள். 709 படத்தில் 45, 50 பக்கம் இருந்து, நெற்றியிலும் மூக்கிலும் பளபளப்பு மேலே போனால் தோலுக்கு உயிர் வரும். கருத்த தோலின் அழகு அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. பவுடர் போட்டு அதை அணைக்க வேண்டாம் என்று மேக்கப்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிறத்தைக் கூட்டும்போதும் ஒரு வித்தியாசம் உண்டு. சாச்சுரேஷன் குமிழைத் திருகினால் சிவப்புப் புடவை சிவப்பாவதோடு பளீரென்று மின்னவும் செய்யும். ஃபிலிமில் நிறம் சாயங்களால் ஆனது, அடர்த்தி கூடினால் இருளவும் செய்யும். ஒரு நோடை எச்எஸ்வி கலர் ஸ்பேஸுக்கு மாற்றி, இரண்டாவது சேனலை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்து, கெயினை ஏற்றிப் பாருங்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் கனமாக இறங்கும்.

அறிகுறி: நிறமும் சரி, அசைவும் சரி, முகம் மட்டும் தட்டை

இது கிரேடிங் வேலை அல்ல. மேலே குழல் விளக்கு எரிகிறது, நான்கு பக்கமும் சுவர் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது, முகத்தில் நிழலே இல்லை. குழல் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து உட்கார வையுங்கள். மறுபக்கம் ஒரு கருப்புத் துணியை முகத்திலிருந்து இரண்டடியில் தொங்கவிட்டால் கன்னத்தில் நிழல் இறங்கும். நம் வீட்டுச் சுவர்கள் வெளிர்பச்சை, ரோஸ், நீலம் என்று இருப்பதையும் மறக்காதீர்கள். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஒரு கன்னம் பச்சையாகத்தான் இருக்கும், அது லட்டின் குற்றமல்ல. சுவருக்கும் அவருக்கும் நடுவில் தெர்மோகோல் வையுங்கள்.

அறிகுறி: கிரெயின் தூசி மாதிரி மேலே மிதக்கிறது

கிரெயினை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி அடுக்காகப் போட்டால் இப்படித்தான் தெரியும். நெகட்டிவில் படமே கிரெயினால் ஆனது. பிரிண்ட் அதற்குப் பிறகு வருகிறது. ஆகவே கிரெயின் நோடை 2383 லட்டுக்கு முன்னால் வையுங்கள். லட்டின் வளைவு வெள்ளையிலும் கருப்பிலும் கிரெயினைத் தானாக நசுக்கும், நடு வெளிச்சத்தில் மட்டும் உயிரோடு நிற்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி செயற்கைத்தனம் போய்விடும்.

ரிசால்வின் ஃபிலிம் கிரெயின் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பில் ஸ்கேன் செய்த கிரெயின் கிளிப்பை ஓவர்லே முறையில் போட்டு ஒளிவலுவை 20, 30க்கு இறக்கலாம். அது டைம்லைனில் மேல் அடுக்காகவே உட்காரும் என்பதால், லட்டை அதற்கும் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் கிளிப்பில் வைத்துவிடுங்கள். குறுகிய கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் கண் கண்டுபிடித்துவிடும், ஒவ்வொரு முறையும் திருப்பியோ தள்ளியோ போடுங்கள். ஷாட்டுக்கு ஷாட் கிரெயின் அளவு மாறுகிறது என்றால், சிலதைப் பெரிதாக்கிய பிறகும் சிலதைப் பெரிதாக்கும் முன்பும் போட்டிருக்கிறீர்கள். 16 மி.மீ. தோற்றம் வேண்டுமென்றால் கிரெயினின் எண்ணிக்கையை அல்ல, அளவைக் கூட்டுங்கள். சின்ன பிரேமை அதிகம் பெரிதாக்குவதால்தான் 16இல் கிரெயின் பருமனாகத் தெரிகிறது.

அறிகுறி: கணினியில் அழகு, ஏற்றியவுடன் அசிங்கம்

வானத்தில் பட்டை பட்டையாகப் படி தெரிந்தால் 8 பிட் காட்சியை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். லேசான கிரெயின் அந்தப் படிகளைக் கலைத்து மறைக்கும். ஆனால் யூடியூப் சுருக்கும்போது கிரெயின்தான் முதலில் சாகும். 1080இல் முடித்த படமானாலும் 1440 அல்லது 4கேயாகப் பெரிதாக்கி ஏற்றுங்கள், அங்கே தரும் கோடெக் (சுருக்கும் முறை) மேலானது, கிரெயின் ஓரளவு பிழைக்கும். மேக்கில் குயிக்டைமில் மட்டும் படம் வெளிறித் தெரிந்தால் காமா குறியீட்டுக் குழப்பம். ரிசால்வில் ரெக். 709-ஏ தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வீட்டு டிவியில் போட்டால் மறுபடி சீரியல்

இது உங்கள் படத்தின் கோளாறே அல்ல. டிவி தானாகவே நடுவில் பிரேம்களை உருவாக்கிச் சேர்க்கிறது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் அது ஒளிந்திருக்கும். அணைத்துவிடுங்கள். புதிய டிவிகள் பலவற்றில், 2019இல் யுஎச்டி அலையன்ஸ் கொண்டுவந்த ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கும், அதைப் போட்டாலே எல்லாம் அணையும்.

25இல் எடுத்த படம் திரையரங்குக்குப் போகிறது என்றால், டிசிபியை (திரையரங்குக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதி) 24இல் கேட்பார்கள். பிரேம்களைத் தூக்காமல் படத்தையே 4 விழுக்காடு மெதுவாக ஓடவிடுங்கள். 15 நிமிடப் படம் 15 நிமிடம் 37 நொடி ஆகும், அசைவு துளியும் கெடாது. ஒலியையும் அதே அளவுக்கு நீட்டி, குரல் கனக்காமல் சுருதியை மட்டும் பழைய இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சவுண்ட் இன்ஜினியரிடம் கொடுங்கள்.